எண்ணிக்கொண்டிருக்கும்போதே: மயக்க மருந்து மூளையில் செய்யும் வேலை

அறுவை மேசையில் படுத்திருப்பவரின் புறங்கையில் ஊசிக்குழாய் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. மயக்க மருத்துவர் பாலைப் போல் வெள்ளையான ஒரு மருந்தை அதன் வழியாக மெல்லச் செலுத்துகிறார். கை சுரீரென்று எரிகிறது. "நூறிலிருந்து தலைகீழாக எண்ணுங்க" என்கிறார். நூறு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு... எந்த எண்ணில் நின்றோம் என்று பிறகு சரியாகச் சொல்லக்கூடியவர் அநேகமாக யாருமில்லை. கண் திறக்கும்போது வேறு அறை, வேறு விளக்கு. "ஆபரேஷன் எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. அது முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இரவு தூங்கி எழுந்தவருக்கு நேரம் போனது தெரியும். எத்தனை மணி என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஓர் அளவு கழிந்தது என்ற உணர்வு இருக்கும். மயக்கத்திலிருந்து எழுந்தவருக்கு அது இருப்பதில்லை. துணியில் நடுத்துண்டை வெட்டிவிட்டு இரு முனைகளையும் ஒட்டித் தைத்ததுபோல, எண்ணிக்கொண்டிருந்த கணமும் கண் திறந்த கணமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இன்னொரு வித்தியாசம் சொல்லவே வேண்டியதில்லை. எவ்வளவு ஆழ்ந்து தூங்குபவரும் கத்தி பட்டால் அலறி எழுந்துவிடுவார்.

'தூங்க வைக்கிறோம்' என்று நோயாளியிடம் சொல்வது ஆறுதலுக்காக. மயக்கம் தூக்கத்தைவிட கோமாவுக்குத்தான் நெருக்கம் என்று மயக்க மருத்துவரான எமரி பிரவுனும் இரு சகாக்களும் 2010-இல் விரிவாக எழுதினார்கள். மருந்தால் வரவழைத்த, மருந்து இறங்கினால் கலைந்துவிடுகிற கோமா. நோயாளியிடம் இப்படிச் சொன்னால் பாதிப் பேர் மேசையிலிருந்து இறங்கி ஓடிவிடுவார்கள். ஆனால் 'கோமா' என்ற ஒற்றைச் சொல்லும் ஒன்றை மறைத்துவிடுகிறது. மயக்கம் என்பது ஒரே ஒரு சுவிட்சை அணைப்பது அல்ல. நினைவு, விழிப்பு, வலி, அசைவு, மூச்சு என்று தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மருந்தும் அவற்றை வேறு வேறு வரிசையில், வேறு வேறு அளவுக்குச் சாத்துகிறது. எந்தக் கதவு எப்போது மூடுகிறது என்பதில்தான் இந்தத் துறையின் அறிவியலும் ஆபத்தும் இருக்கின்றன.

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், 1846 அக்டோபர் 16 அன்று, வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், நோயாளி ஒருவரை ஈதர் ஆவியை முகரவைத்தார். அறுவை மருத்துவர் ஜான் வாரன் அந்த நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அகற்றினார். நோயாளி அலறவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஜார்ஜியாவில் கிராஃபோர்ட் லாங் இதே ஈதரைப் பயன்படுத்தியிருந்தார், ஆனால் வெளியே எழுதவில்லை. ஜப்பானில் ஹனவோகா செய்ஷு 1804-லேயே ஊமத்தை சேர்த்த மூலிகைக் கஷாயம் கொடுத்து மார்பகக் கட்டியை அகற்றியிருந்தார். யார் முதல் என்ற சண்டை நெடுங்காலம் நடந்தது, அதற்குள் நாம் போக வேண்டாம். நமக்கு வேண்டியது, எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாமல் உலகம் முழுவதும் இதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள் என்பது. அடுத்த ஆண்டே எடின்பரோவில் சிம்சன் என்ற மருத்துவர் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார்.

அப்போதே ஒரு புதிர் எழுந்தது. ஈதர், குளோரோஃபார்ம், சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்சைடு ஆகிய மூன்றுக்கும் வேதி அமைப்பில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பின்னாளில் செனான்கூட மயக்கும் என்று தெரிந்தது. செனான் ஒரு மந்த வாயு. உடலுக்குள் எதோடும் வேதிவினை புரியாமல் போன வழியே திரும்பி வந்துவிடுகிற ஓர் அணு. சாவியும் பூட்டும்போல மருந்தும் அது ஒட்டும் ஏற்பியும் பொருந்துகின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, இங்கே வடிவமே இல்லாத உருண்டை ஒன்று பூட்டைத் திறக்கிறது. எந்தப் பூட்டை?

1899-இல் ஹான்ஸ் மேயரும் 1901-இல் சார்லஸ் ஓவர்ட்டனும் தனித்தனியாக ஒரு விடைக்கு வந்து சேர்ந்தார்கள். தலைப்பிரட்டைகளைத் தண்ணீரில் விட்டு, அதில் பல பொருள்களைக் கரைத்து, எவ்வளவு கரைத்தால் நீந்துவதை நிறுத்துகின்றன என்று பார்த்தார்கள். பிறகு அதே பொருள்கள் ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு கரைகின்றன என்று அளந்தார்கள். எண்ணெயில் எவ்வளவுக்குக் கரைகிறதோ அவ்வளவுக்கு மயக்கும் வலிமை. கோடு போட்டாற்போல ஒத்துப்போனது. நியூரான் என்கிற நரம்பு செல்லின் மேலுறை கொழுப்பால் ஆனது. ஆகவே மயக்க மருந்து அந்தக் கொழுப்பில் ஊறி, உறையைத் தளர்த்தி, நியூரானை முடக்குகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். 1950-இல் மதுவில் மயங்கிய தலைப்பிரட்டைகளை நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வைத்தபோது, மது அப்படியே இருக்க, அவை மறுபடி நீந்த ஆரம்பித்தன. வீங்கிய உறையை அழுத்தம் நசுக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். கொழுப்புக் கொள்கைக்கு இதைவிட அழகான சாட்சி வேண்டுமா?

வேண்டியிருந்தது. அறுவைக்குத் தேவையான அளவு மருந்து கொழுப்பு உறையில் உண்டாக்கும் தளர்ச்சியை, உடல் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே உண்டாக்கிவிடும். காய்ச்சலில் புலம்புவோம், ஆனால் அறுவை செய்யுமளவு மயங்குவதில்லை. ஆல்கஹால் வகைகளில் கார்பன் சங்கிலி நீள நீள எண்ணெயில் கரைவது கூடிக்கொண்டே போகிறது. ஆனால் சுமார் பன்னிரண்டு, பதின்மூன்று கார்பனைத் தாண்டியதும் மயக்கும் குணம் திடீரென்று நின்றுவிடுகிறது. எட்டோமிடேட் என்ற மருந்துக்கு வலது கை, இடது கை போல இரு கண்ணாடி வடிவங்கள் உண்டு. இரண்டும் எண்ணெயில் ஒரே அளவு கரையும். ஆனால் ஒன்று பலமாக மயக்குகிறது, மற்றது வெகு பலவீனம். கொழுப்புக்கு வலது இடது தெரியாது. தெரிந்தது வேறு ஏதோ ஒன்று.

1984-இல் லண்டனில் நிக் ஃபிராங்ஸும் பில் லீபும் மின்மினிப் பூச்சியிடம் போனார்கள். அதன் ஒளிக்குக் காரணமான புரதத்தைப் பிரித்து எடுத்து, கொழுப்பே இல்லாத கரைசலில் வைத்து மயக்க மருந்துகளைச் சேர்த்தார்கள். ஒளி மங்கியது. எந்த மருந்துக்கு எவ்வளவு மங்கியது என்ற வரிசை, விலங்குகளை மயக்கும் வரிசையோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. புரதத்தில் எண்ணெய்ப் பிடிப்புள்ள சிறு குழிவுகள் உண்டு. மருந்து அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. எண்ணெய்க் கணக்கு சரிதான், எண்ணெய் இருந்த இடத்தைத்தான் தவறாக நினைத்துவிட்டார்கள். (அண்மையில் சில ஆய்வாளர்கள் கொழுப்பை மறுபடி வாசல்வரை அழைத்து வந்திருக்கிறார்கள். உறையில் சில புரதங்களைக் கட்டி வைத்திருக்கும் கொழுப்புத் திட்டுகளை மயக்க வாயுக்கள் கலைத்துவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். வழக்கு இன்னும் முடியவில்லை.)

சரி, எந்தப் புரதம்? இங்கேதான் காபா வருகிறது. மூளைக்குள் நியூரான்கள் ஒன்றையொன்று உசுப்பிக்கொண்டே இருந்தால் வலிப்புதான் வரும். ஆகவே மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நியூரானின் வேலை, மற்றவற்றை அடக்குவது. அவை பயன்படுத்தும் வேதிப்பொருள் காபா. காபா வந்து ஒட்டும் ஏற்பியில் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன, ஐந்து பேர் தோளோடு தோள் சேர்த்து நிற்பதுபோல. காபா ஒட்டியதும் துளை திறக்கிறது. எதிர்மின் ஏற்றம் கொண்ட குளோரைடு அயனிகள் நியூரானுக்குள் பாய்கின்றன. ஏற்கெனவே எதிர்மின்னில் இருக்கும் நியூரானின் உட்புறம் இன்னும் எதிர்ப்பக்கம் போகிறது, அல்லது போன இடத்திலேயே பிடித்து வைக்கப்படுகிறது. அடுத்தவர் என்ன உசுப்பினாலும் அது சுடாது.

தூக்க மாத்திரை, பதற்றத் தணிப்பு மாத்திரை, வலிப்பு ஊசி, புரோபஃபால் என்ற அந்த வெள்ளை மருந்து, ஏன், மதுவும்கூட, இந்த ஒரே ஏற்பியில்தான் கை வைக்கின்றன. ஆனால் வைக்கும் இடம் வேறு, வைக்கும் விதம் வேறு. 1960-களில் சந்தைக்கு வந்த டயாசிபாம் போன்ற பென்சோடயசிபைன்கள், ஐந்து துண்டுகளில் குறிப்பிட்ட இரண்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, காபா வரும்போது கதவு அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. காபா வராவிட்டால் அவற்றால் எதுவும் செய்ய முடியாது. அவற்றுக்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோலோச்சிய பார்பிச்சுரேட்டுகள் திறந்த கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அளவு கூடினால் காபா வரும்வரை காத்திருப்பதும் இல்லை, தாங்களே திறந்துவிடுகின்றன.

கதவை அடிக்கடி தட்டுவது, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் உயிருக்கும் சாவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் இதுதான். பார்பிச்சுரேட் மாத்திரைகளைக் கூடுதலாக விழுங்கியவரின் மூளையில் அடக்கம் கூடிக்கொண்டே போய் மூச்சு நின்றுவிடும், உச்சவரம்பு கிடையாது. பென்சோடயசிபைனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, உடலில் இருக்கும் காபாவின் அளவு அதற்குக் கடிவாளம். தனியாக விழுங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். மதுவோடு அல்லது ஓபியாய்டு வலி மருந்தோடு சேர்ந்தால் அந்தக் கடிவாளம் அறுந்துவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் இந்தக் கூட்டுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் அச்சிடச் சொன்னது இதனால்தான்.

இந்த ஏற்பிதான் காரணம் என்று எப்படி நிச்சயமாகச் சொல்ல முடியும்? எலிகள் சொல்லிக்கொடுத்தன. ஐந்து துண்டுகளில் பீட்டா-3 என்ற துண்டில் 265-ஆவது இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதை மட்டும் மெத்தியோனினாக மாற்றிய எலிகளை வளர்த்தார்கள். பார்க்க மற்ற எலிகளைப் போலத்தான் இருந்தன. ஆனால் புரோபஃபாலும் எட்டோமிடேட்டும் கொடுத்த பிறகும் காலைக் கிள்ளினால் இழுத்துக்கொண்டன. ஒரே ஒரு கல்லை மாற்றியதும் மருந்துக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. 1999-இல் ஆல்ஃபா-1 துண்டில் இதேபோன்ற ஒரு மாற்றம் செய்த எலிகளுக்கு டயாசிபாம் பதற்றத்தைக் குறைத்தது, ஆனால் மந்தமாக்கவில்லை. ஒரே மாத்திரையின் 'பதற்றம் தணிவது', 'கண் சொக்குவது' என்ற இரு குணங்கள் ஏற்பியின் இரு வேறு வகைகளில் இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் கையில் பிடித்தாற்போலத் தெரிந்தது.

காபா ஒன்றே எல்லாம் என்று நினைத்துவிட வேண்டாம். முகமூடி வழியே தரும் செவோஃபுளூரேன் போன்ற வாயுக்கள் காபாவோடு, பொட்டாசியத்தை வெளியே கசியவிடும் சில துளைகளையும் திறந்து நியூரானை மந்தப்படுத்துகின்றன. செனானும் நைட்ரஸ் ஆக்சைடும் காபாவை அதிகம் சீண்டுவதே இல்லை. அவை எதிர்ப்பக்கத்தில் வேலை செய்கின்றன: பிரேக்கை மிதிப்பதற்குப் பதில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கின்றன. நியூரான்களை உசுப்பும் குளுட்டமேட் வந்து ஒட்டும் என்எம்டிஏ ஏற்பியை அடைத்துவிடுகின்றன.

அந்தப் பக்கத்தின் முக்கியப் புள்ளி கெட்டமைன். 1962-இல் உருவாகி, 1964-இல் மிச்சிகன் சிறைக் கைதிகளுக்கு முதன்முதலாகச் செலுத்திப் பார்க்கப்பட்டது. (அந்தக் காலத்து ஆய்வு நெறி அப்படி. இன்று நினைத்தும் பார்க்க முடியாது.) மருந்து ஏறியவர்கள் கண்களைத் திறந்துகொண்டே கிடந்தார்கள். கை கால் இல்லை என்றார்கள், விண்வெளியில் மிதக்கிறேன் என்றார்கள். 'துண்டித்த மயக்கம்' என்று இதற்குப் பெயர் வைத்தது ஆய்வாளர் எட்வர்ட் டொமினோவின் மனைவி. கெட்டமைன் முதலில் அடக்குவது அடக்கும் நியூரான்களையே. அதனால் புறணி ஓய்வதில்லை, தறிகெட்டு ஓடுகிறது. நோயாளி விழிப்பில் இல்லை, ஆனால் தலையில் பொருத்திய மின்முனைகள் முழு விழிப்புபோலப் படபடக்கும் அலைகளைக் காட்டுகின்றன. பிரேக் பிடித்த கார் ஒன்று, பிரேக் அறுந்து தறிகெட்டு ஓடும் கார் மற்றொன்று. இரண்டிலும் வீடு போய்ச் சேர முடியாது. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரிதாகக் கீழே தள்ளாது என்பதால் விபத்துக் களத்திலும் போர்முனையிலும் கெட்டமைனுக்கு இன்றும் மவுசு. அதன் ஒரு கண்ணாடி வடிவம் 2019-இல் மன அழுத்த நோய்க்கு மூக்கில் அடிக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்னொரு பாதை டெக்ஸ்மெடட்டோமிடின். மூளைத்தண்டில் 'நீலப்புள்ளி' என்று பொருள்படும் லத்தீன் பெயர்கொண்ட சின்னஞ்சிறு நியூரான் கூட்டம் ஒன்று உண்டு. பார்த்தால் உண்மையிலேயே நீலம் பாய்ந்திருக்கும். மூளை முழுவதற்கும் நார்அட்ரினலினை அனுப்பி 'விழித்திரு, விழித்திரு' என்று தட்டிக்கொண்டிருப்பது அதன் வேலை. இந்த மருந்து அந்தக் கூட்டத்தின் வாயை மட்டும் பொத்துகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இது ஏறிக்கொண்டிருக்கும் நோயாளி கண்மூடிக் கிடப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து, கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, மறுபடி போய்விடுவார். மருந்துகளில் இயற்கைத் தூக்கத்துக்கு ஓரளவாவது கிட்டே வருவது இதுதான்.

இனி அந்தக் கதவுகளுக்கு வருவோம். முதலில் சாத்திக்கொள்வது பெரும்பாலும் நினைவு. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஓர் எண்டோஸ்கோபி. மிடசோலம் என்ற பென்சோடயசிபைன் ஊசியைச் சிறிய அளவில் போட்டார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது, வாயில் ஏதோ வைத்தது. அடுத்து, வீட்டில் நாற்காலி. "என்னக்கா, குழாய் விட்டாங்களா இல்லையா?" என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். "இதோட அஞ்சாவது தடவை கேக்குற. வண்டியில ஏறும்போது கேட்ட, இறங்கும்போது கேட்ட. டாக்டர்கிட்ட நின்னு நிதானமா பேசிட்டுத்தான் வந்த." நான் மயங்கவே இல்லை. டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன், படியில் நானாக நடந்து இறங்கியிருக்கிறேன். நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி மட்டும் எழுதுவதை நிறுத்தியிருந்தது. அங்கே ஆல்ஃபா-5 துண்டு கொண்ட காபா ஏற்பிகள் மிகுதி. புதிய அனுபவத்தைப் பதிவதற்கு நியூரான் இணைப்புகள் வலுப்பட வேண்டும், அந்த வலுப்படுதலை அவை தடுத்துவிடும். பழைய நினைவுகளுக்கு ஒன்றும் ஆகாது. பேனா இருக்கிறது, கை இருக்கிறது, மை மட்டும் இல்லை. செடேஷன் என்கிற இந்த அரைமயக்கத்துக்குப் பிறகு வண்டி ஓட்டாதே, கையெழுத்துப் போடாதே என்று சொல்வது சும்மா இல்லை.

அடுத்தது விழிப்பு. புரோபஃபால் ஏறும்போது, மூளையின் மின் அலைகளைக் காட்டும் ஈஈஜி திரையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் சின்னச் சின்னதாய், வேகமாய், ஒழுங்கில்லாத அலைகள். மருந்து சிறிய அளவில் சேர்ந்ததும் சிலருக்கு வேகம் கூடுகிறது, உளறுகிறார்கள், சிரிக்கிறார்கள், கையை உதறுகிறார்கள். மது உள்ளே போன முதல் அரை மணி நேரம் போல, அடக்குபவை முதலில் அடங்குவதால் வரும் கூத்து இது. அப்புறம் நெற்றிப் பக்கத்தில் நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலைகள் தோன்றுகின்றன. அதோடு நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான, பெரிய, மெதுவான அலைகள். புறணிக்கும், மூளையின் நடுவிலுள்ள தலாமஸுக்கும் இடையே வழக்கமாக ஆயிரம் விதமாக ஓடும் பேச்சு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கோரஸாகச் சுருங்கிவிடுகிறது. இன்னும் மருந்து சேர்ந்தால் அலை கொஞ்ச நேரம் வெடித்து, கொஞ்ச நேரம் தட்டையாகி, மறுபடி வெடிக்கும். அதற்கும் மேல் வெறும் நேர்கோடு.

அந்த மெதுவான அலையில்தான் விஷயம் இருக்கிறது. வலிப்பு சிகிச்சைக்காக மூளைக்குள்ளேயே மின்முனை பொருத்தப்பட்டிருந்த சிலரைப் புரோபஃபால் ஏறும்போது கவனித்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. விழிப்பு போகும் அதே சில நொடிகளில் மெதுவான அலை எழுகிறது. நியூரான்கள் செத்துவிடுவதில்லை, அலையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் சுடுகின்றன, மற்ற நேரமெல்லாம் மௌனம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் அந்தச் சிறு நேரம் வேறு வேறு. ஒரே வீட்டில் ஒருவருக்குப் பகல் ஷிஃப்ட், இன்னொருவருக்கு இரவு ஷிஃப்ட் என்றால் இருவரும் உயிரோடு இருந்தும் பேசிக்கொள்ள முடியாது அல்லவா? அதுதான் இங்கும். காதில் ஒலி விழுந்தால் செவிப்புலனுக்கான புறணி மயக்கத்திலும் பதில் தருகிறது. அந்தச் செய்தியை வாங்கி அர்த்தம் சொல்ல வேண்டிய பகுதி அந்நேரம் கதவடைத்திருக்கிறது.

இதையே வேறு வழியில் காட்டிய சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். மண்டைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையை ஒரு தட்டு தட்டுகிறார்கள். விழித்திருப்பவருக்கு அந்தத் தட்டு ஓர் இடத்தில் தொடங்கி, இன்னோர் இடத்துக்குத் தாவி, திரும்பி வந்து, சுமார் 300 மில்லி நொடிகளுக்கு அலைந்துகொண்டிருக்கும். மிடசோலம் கொடுத்து உணர்விழந்தவருக்குத் தட்டிய இடம் மட்டும் பலமாக அதிர்ந்து, அங்கேயே அடங்கிவிடும். நல்ல மணியைத் தட்டினால் கேட்கும் ரீங்காரத்துக்கும், ஈர மண்ணைத் தட்டினால் கேட்கும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்.

அசைவு என்ற கதவு மூளையிலேயே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வாயு மயக்க மருந்துகளின் வலிமையை 'மேக்' என்ற அளவால் குறிப்பார்கள். தோலில் கத்தி வைக்கும்போது பாதி நோயாளிகள் அசையாமல் இருக்க நுரையீரலில் எவ்வளவு வாயு தேவை என்பதுதான் அது. செவோஃபுளூரேனுக்கு ஏறத்தாழ 2 சதவீதம், டெஸ்ஃபுளூரேனுக்கு 6. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 104 சதவீதம், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தில் அதை மட்டும் வைத்து அறுவை செய்யவே முடியாது. நாற்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 6 சதவீதம் வீதம் இந்தத் தேவை குறைந்துகொண்டே வருகிறது. 1993-இல் ஆடுகளின் ரத்த ஓட்டத்தைப் பிரித்து, மயக்க வாயு மூளைக்கு மட்டும் போகும்படி செய்து பார்த்தார்கள். ஆடு அசையாமல் இருக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து வேண்டியிருந்தது. கத்திக்குக் காலை இழுக்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. இத்தனை காலம் மயக்கத்தின் அளவுகோல் என்று நாம் வைத்திருந்தது உண்மையில் முதுகெலும்புக்குள் இருக்கும் ஒன்றை அளந்துகொண்டிருந்தது.

மூச்சு இன்னொரு கதவு. அது மூளைத்தண்டில் இருக்கிறது, தூங்கும்போதும் மூடுவதில்லை. புரோபஃபால் அதை மூடும். செடேஷன் என்பதும் பொது மயக்கம் என்பதும் இரு தனி மாடிகள் அல்ல, ஒரே சரிவு. கூப்பிட்டால் பேசும் நிலையிலிருந்து, உலுக்கினால் முனகும் நிலை வழியாக, மூச்சு நிற்கும் நிலைவரை சில மில்லி லிட்டர் மருந்தில் ஒருவர் வழுக்கிப் போய்விடலாம். ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்கு அதிகம். 2009 ஜூனில் மைக்கேல் ஜாக்சன் இறந்தது வீட்டுப் படுக்கையறையில், தூக்கத்துக்காக ஏற்றப்பட்ட புரோபஃபாலால். லோரசெபாம் என்ற பென்சோடயசிபைனும் ரத்தத்தில் கூட இருந்தது. மூச்சைக் கவனிக்க முறையான கருவிகள் அங்கே இல்லை. ஓபியாய்டுகளுக்கு நலோக்ஸோன், பென்சோடயசிபைனுக்கு ஃபுளூமசெனில் என்று மாற்று மருந்துகள் உண்டு. புரோபஃபாலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மூச்சைத் தூக்கிப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் அதற்கு மாற்று.

இத்தனைக்கும் அது நல்ல மருந்து. அறை வெப்பத்தில் எண்ணெயாக இருப்பதால் சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கரு லெசித்தினும் சேர்த்துப் பாலாக்கியிருக்கிறார்கள், வெள்ளை நிறம் அதனால். கண்டுபிடித்த ஜான் கிளென் கால்நடை மருத்துவம் படித்தவர். முதலில் கரைத்த திரவம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியதால் திரும்பப் பெற்று, 1986-இல் புதிய வடிவில் கொண்டுவந்தார்கள். 2018-இல் கிளெனுக்கு மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் பரிசு கிடைத்தது. ஒருமுறை ஏற்றினால் அரை நிமிடத்தில் மயங்கி, ஐந்து பத்து நிமிடத்தில் விழிப்பு வரும். இதைப் பார்த்துவிட்டு, உடல் அதற்குள் மருந்தை எரித்துவிட்டது என்று நினைப்பார்கள். அப்படியில்லை. ரத்தம் நிறையப் பாயும் இடமான மூளைக்கு மருந்து முதலில் போகிறது, பிறகு மூளையிலிருந்து கிளம்பித் தசைக்கும் கொழுப்புக்கும் பரவுகிறது. விழித்தவரின் உடலில் இன்னும் நிறைய மருந்து இருக்கிறது, மூளையில்தான் குறைந்திருக்கிறது.

விழிப்பது மயங்குவதைப் பின்னோக்கி ஓட்டிய படம் அல்ல என்பதும் தெரிந்திருக்கிறது. ஓரெக்ஸின் என்ற விழிப்புத் தூதை முடக்கிய எலிகள் மற்ற எலிகளைப் போலவே மயங்கின, ஆனால் எழுந்திருக்கத் தாமதமாயின. உள்ளே போகும் வழி ஒன்று, வெளியே வரும் வழி இன்னொன்று. முதலில் மூச்சு சீராகும், பிறகு விழுங்குவார், இருமுவார், முகம் சுளிப்பார். எல்லாம் மூளைத்தண்டின் வேலைகள். கண் திறந்து 'நான் எங்கே இருக்கேன்' என்று கேட்பது கடைசியில். வயதானவர்களில் சிலருக்கு அந்தக் கேள்வி மறுநாள்வரை நீளும்.

கடைசியாக, இந்தக் கதவுகள் தனித்தனி என்பதற்கு இருப்பதிலேயே கலக்கமான சாட்சி. வயிறு, மார்பு போன்ற இடங்களில் அறுவை செய்யும்போது தசைகளை முழுவதுமாகத் தளர்த்தும் மருந்தும் தருகிறார்கள். அதன் பிறகு நோயாளி விழித்திருந்தாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. 1977-இல் டன்ஸ்டால் என்ற மருத்துவர் ஓர் எளிய தந்திரம் செய்தார். தளர்த்தும் மருந்து ஏறுவதற்கு முன், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ஒரு முன்கையில் கட்டி இறுக்கிவிட்டார். மருந்து அந்தக் கைக்குள் போகாது, ஆகவே அந்தக் கை மட்டும் அசையும். பிறகு நோயாளியின் காதருகே குனிந்து, "நான் சொல்றது கேட்டா என் கையை அழுத்துங்க." சில கைகள் அழுத்தின.

இதையே பல மருத்துவமனைகளில் 260 பேரிடம் செய்து பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. மூச்சுக்குழாய் பொருத்திய சற்று நேரத்தில் 12 பேர் கேட்டபடி கையை அழுத்தினார்கள், ஏறத்தாழ இருபதில் ஒருவர். ஆனால் அறுவையின்போது விழித்திருந்ததாகத் தாங்களே வந்து சொல்பவர்கள் மிகச் சிலர்தான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு 2014-இல் தந்த எண் ஏறத்தாழ 19,000-இல் ஒருவர். இரண்டு எண்களுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதற்குக் காரணம் மூடிய கதவுகளின் வரிசை. விழிப்பின் கதவு சற்றே திறந்திருந்தது, நினைவின் கதவு மூடியிருந்தது. அறுவை முடிந்ததும் மருத்துவர் வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்கிறார். தூங்கும் முன் கடைசியாக என்ன ஞாபகம், எழுந்ததும் முதலில் என்ன ஞாபகம், நடுவில் ஏதாவது? கையை அழுத்தியவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணுமில்ல டாக்டர்" என்கிறார். பொய் சொல்லவில்லை.